வியாழக்கிழமைத் தொடரும் ஒரு கோரைப்பல்லும்

என் அக்காவுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், பல் மறக்காது. தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். யாரக்கா அது என்று கேட்டால், "தெரியலடி. ஆனா கீழ் வரிசையில ரெண்டு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. பார்த்த பல்லுதான்" என்பாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது வந்த போட்டோவில் மாமா வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். சிரிக்கிற மாதிரி இன்னொன்று வந்தால்தான் பதில் சொல்வேன் என்று அக்கா அடம் பிடித்தாள். வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வரிசை நல்லா இருக்கு" என்றாள். அவள் சம்மதம் சொன்னது அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேரும் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறோம். மருந்துக்கடைக்கு மேலே நீளமான ஒரே அறை. ஜன்னலோரம் மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, மூலையில் ஓயாமல் கத்தும் பாலிஷ் மோட்டார். பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, அந்த வாயை அப்படியே வார்த்தெடுத்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, பிறகு நிஜப் பல்லின் நிறத்தில் செய்து கொடுப்போம். ராவுவதும் மெருகேற்றுவதும் என் வேலை. முன்பல் என்றால் மட்டும் அக்காவின் மேசைக்குத்தான் போகும். ஒரு முன்பல் மயிரிழை தள்ளிப்போனாலும் ஆளே வேறு ஆளாகிவிடுவார் என்பாள். அவள் செய்த பல் சரியில்லை என்று திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு, அதை மறைக்கிற பழக்கமும் இல்லை. எங்கள் முதலாளி எல்லோரிடமும் கத்துவார், அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும்.

இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுவது, அவள் லேசுப்பட்டவள் இல்லை என்று தெரிவதற்காகத்தான். இப்படிப்பட்டவள் ஒரு டிவி தொடருக்காக வயிறெரிந்து வயிறெரிந்து செய்துவைத்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

மாமா பேருந்து ஓட்டுகிறார். பேச்சில் மகா கஞ்சர். அவர்களுடைய மகள் படிப்புக்காக விடுதிக்குப் போனதும், வீட்டில் பேச்சே நின்றுபோனது. "கேஸ் தீர்ந்துடுச்சா?" "இல்ல." "கதவு சாத்தியாச்சா?" "ம்." அக்காவும் மாமாவும் ஒரு நாளில் பேசிக்கொள்வதைக் கூட்டினால் ஒரு தபால் அட்டையை நிரப்பாது. லேபுக்குப் பக்கம் என்பதால் நான் அவர்களோடு பின்னறையில் இருக்கிறேன். சாப்பிடும்போது அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ரேடியோ மாதிரி நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். அக்கா ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இனிமே எங்களுக்குள்ள பேசறதுக்கு ஒண்ணுமே இருக்காதோ?" என்றாள். சும்மா சொல்கிற குரலாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தொடர் வந்தது. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம். ஒரு பணக்காரர் தன் வீட்டு மாடிப்படியிலிருந்து விழுந்து செத்துப்போகிறார். தள்ளியது யார்? அந்த வீட்டில் ஒரு மகன், ஒரு மருமகள், ஒரு தோட்டக்காரர், எந்நேரமும் வந்து போகிற ஒரு குடும்ப வக்கீல். கதை அவ்வளவுதான். ஆனால் அது ஊரையே பிடித்து ஆட்டியது. முடிவெட்டும் கடையில், பேருந்து நிறுத்தத்தில், டாக்டருக்காகக் காத்திருக்கும் பெஞ்சில், எங்கே பார்த்தாலும் ஆளுக்கொரு துப்பறிவாளர். யார் கொன்றது என்று போனில் குழு குழுவாகச் சேர்ந்து அடித்துக்கொண்டார்கள்.

அக்கா அதில் இறங்கினாள். இறங்கினால் அரைகுறையாக இறங்குகிறவள் இல்லை. ஒரு வாரம் தோட்டக்காரர்தான் கொலையாளி என்று நிரூபிப்பாள். அடுத்த வாரம் மருமகள். அதற்கடுத்த வாரம், செத்தவரே சாகவில்லை என்றாள். ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. அதனால் என்ன? மாமா கேட்டார்! வாயைத் திறக்காத மனுஷன், "அதெப்படி சொல்றே?" என்று கேட்டார். மறுநாள் டிப்போ கேன்டீனில் போய், "எங்க வீட்ல என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்து அதை அப்படியே ஒப்பிப்பாராம். அங்கே நடந்த விவாதத்தைச் சாயங்காலம் வந்து அக்காவிடம் சொல்வார். வெள்ளியிலிருந்து புதன்வரை பேச விஷயம் கிடைத்தது. அக்கா லேபில் மெழுகைச் செதுக்கிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். எனக்கும் நிம்மதி, ரேடியோ வேலையிலிருந்து ஓய்வு.

அது யார் கண்ணில் பட்டதோ, மாடிப் போர்ஷனுக்கு டிரைவிங் டீச்சர் குடிவந்தாள்.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அக்காவைவிடச் சில வயது இளையவள். கணவர் வெளியூரில் வேலை. கலகலவென்று பேசுவாள். பொருட்களை ஏற்றும்போது டிவி உடைந்துவிட்டது, வியாழக்கிழமை மட்டும் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். அக்காவே வாய் நிறைய, "அதுக்கென்ன, தாராளமா வாங்க" என்றாள். அவள் வாயால் அவளே வாங்கிக்கட்டிக்கொண்டது அது.

முதல் வாரமே டீச்சர் ஒன்று சொன்னாள். "அண்ணா, ஒண்ணு கவனிச்சீங்களா? கொலை நடந்த மறுநாள் வக்கீல் அந்தப் பெரியவரோட கார்ல ஏறினாரு. சீட்டைத் தள்ளவும் இல்ல, கண்ணாடியைத் திருப்பவும் இல்ல. அந்தப் பெரியவரு எவ்வளவு குள்ளம்? இவரு எவ்வளவு உயரம்? அப்போ கடைசியா அந்தக் காரை ஓட்டினது யாரு?"

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எடுத்த உணவு வாய்க்குப் போகவில்லை. "ஆமா!" என்றார். "வண்டியில ஏறினா நான் முதல்ல பண்றதே அதானே! சீட்டு, அப்புறம் கண்ணாடி. மாத்து டிரைவர் ஓட்டின வண்டின்னா உக்காரும்போதே தெரிஞ்சுடும்." அதன் பிறகு இரண்டு பேரும் சீட்டைப் பற்றியும் கிளட்ச்சைப் பற்றியும் பேசினார்கள், பேசினார்கள், தொடரின் மீதியையே பார்க்கவில்லை. மாமா ஒரே சமயத்தில் அவ்வளவு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அக்கா அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லேபில் என் மேசைப் பக்கம் சாய்ந்து, "பார்த்தியா?" என்றாள்.

"எதை?"

"கை தட்டுலயே நின்னுச்சு. நான் இத்தனை வாரமா மூளையைக் கசக்கிச் சொன்னேன். ஒரு நாளாவது சாப்பிடறதை நிறுத்தினாரா? மென்னுக்கிட்டேதானே கேட்டாரு?"

"அவங்க அண்ணான்னுதான்க்கா கூப்பிடறாங்க."

"கூப்பிட்டா? சீட்டு தள்ளினாங்க தள்ளலைன்னு ஒரு விஷயமா? டிரைவரும் டிரைவரும் சேர்ந்துட்டாங்க, நான் பின்னாடி உக்காந்து டிக்கெட் எடுக்கவா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் செதுக்கிய பல்லை மூன்று தடவை உருக்கி மறுபடி செய்தாள்.

பொறாமை வந்தவர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பது பெரிய தண்டனை. டீச்சருக்கு அக்கா வைத்த பெயர் கியர்க்காரி. கியர்க்காரிக்கு வைக்கிற டீயில் சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது. அவளுக்குப் போடுகிற நாற்காலி வாரத்துக்கு வாரம் டிவியிலிருந்து தள்ளிப்போய், கடைசியில் துவைத்த துணிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றது. டீச்சர் பாவம், "இங்கேதான்க்கா காத்து நல்லா வருது" என்று உட்கார்ந்துகொண்டாள். அவள் நல்லவளாக இருந்தது அக்காவுக்கு இன்னும் ஆத்திரம். திட்டவும் முடியவில்லை. டிப்போவிலும் இப்போது சீட்டுதான் பேச்சு. "எங்க வீட்ல என்ன சொல்றாங்கன்னா" போய், "எங்க மாடி வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னா" வந்துவிட்டது. அதை மாமாவே வந்து வெள்ளந்தியாக அக்காவிடம் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அக்கா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"பல்லு! அந்தப் பல்லைப் பாருங்க!"

திரையில் பணக்காரரின் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் அவனுடைய இடது மேல் கோரைப்பல் முன்பக்கமாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருக்குமாம். கதையில் அவன் நடுவே ஏதோ ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். இப்போது அந்தப் பல் நேராக இருக்கிறது. "போனவன் வேற, வந்தவன் வேற!" என்றாள் அக்கா. "அவனை மாதிரியே இருக்கிற இன்னொருத்தன் வந்து உக்காந்திருக்கான். முன்னாடி ஒரு தடவை இதே மாதிரி வந்தப்போ அப்பாவைத் தள்ளினவனும் அவன்தான். பெத்த அப்பாவுக்குப் பல்லு தெரியாதா? கண்டுபிடிச்சுட்டாரு, தள்ளிட்டான்!"

மாமா பழைய பாகங்களைப் போனில் தேடி எடுத்தார். நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, பல் மாறியிருந்தது. "உன் கண்ணுக்கு மட்டும் எப்படி இது படுது!" என்றார். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பூரித்துப் போய்விட்டாள்.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. கொஞ்சம் யோசித்து, "சீட்டும் சரியாத்தான் இருக்கு, பல்லும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ரெண்டுமா?" என்றாள் அக்கா.

"ரெண்டும்தான்."

டீச்சர் கையைத் தட்டினாள். "அக்கா, நான் கார் பார்க்கறேன், நீங்க பல்லு பார்க்கறீங்க! செம ஜோடி நாம!" அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது காலி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும்னு சொல்றாருடி. நான் ஒண்ணு, அவ ஒண்ணு. சரிபாதியா பிரிச்சுக் கொடுக்கறாரு" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

தொடர் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அப்போதுதான் லேபுக்கு அந்த அச்சு வந்தது.

ஒரு பல் மருத்துவமனையிலிருந்து அச்சுகளைக் கொண்டுவரும் ஆள், அன்று ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து நேராக அக்காவின் மேசையில் வைத்தார். "அவசரம். உங்க கையாலதான் செய்யணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஷூட்டிங்குக்கு வேணுமாம்." உள்ளே ஒரு மேல்வாய் அச்சு. கூடவே ஒரு போட்டோ, சிரிக்கிற முகம். பணக்காரரின் மகன்!

விஷயம் சின்னது. அந்த நடிகர் படப்பிடிப்பின் நடுவிலேயே கோணல் பல்லைச் சரிசெய்துகொண்டுவிட்டார். டைரக்டருக்கு அது தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. கடைசிப் பாகத்தில் பழைய நினைவாக ஒரு காட்சி வருகிறது, அதற்குப் பழைய பல் வேண்டும். ஆகவே இப்போதைய நேரான பல்லின் மேல் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு மெல்லிய உறை, போட்டோவில் இருக்கிற கோணலோடு. கொண்டுவந்த ஆள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

அக்கா அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போனவனும் வந்தவனும் ஒரே ஆள்தான். இன்னொருத்தன் என்று யாருமே இல்லை. அவள் கண்டுபிடித்தது, நடிகர் பல் டாக்டரிடம் போய்வந்ததைத்தான். உலகத்தில் வேறு யாருக்கும் வராத தப்பு அது. பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் வரும்.

"விடுக்கா" என்றேன். "வீட்ல சொல்லிச் சிரிச்சுட்டுப் போகலாம்."

"சொன்னா?" என்றாள். "கியர்க்காரி சீட்டு மட்டும் நிக்கும்."

வார்த்தெடுத்தாள். மெழுகை உருக்கிச் செதுக்க ஆரம்பித்தாள். நான் என் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் பாலிஷுக்காக என் கைக்கு வந்தபோது, அந்தப் பல்லையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டோவில் கோரைப்பல் முன்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. அக்கா செய்தது, பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. நிறம், உயரம், தேய்மானம் எல்லாம் அச்சு அசல். திரும்பிய திசை மட்டும் நேர் எதிர்.

"அக்கா, இது மாறிப்போச்சு."

"மாறல."

"போட்டோல வேற மாதிரி..."

"உன் வேலையை நீ பாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குப் புரிந்துவிட்டது. கடைசிப் பாகத்தில் மூன்றாவதாக ஒரு பல் தெரியும். கொலையாளி என்று யாரைக் காட்டினாலும் பல் புதிராகவே நிற்கும், அவள் சொன்ன கதைக்கு உயிர் போகாது. பைத்தியமா உனக்கு, வேலை போய்விடும் என்று நான் கத்தினேன். மோட்டார் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவள் என் கையிலிருந்து பல்லைப் பிடுங்கி, அவளே மெருகேற்றி, அவளே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

கடைசிப் பாகம் வந்தது. வக்கீலைக் கைது செய்தார்கள். அதுவும் அந்தக் கார் சீட்டை வைத்துத்தான். டீச்சர் சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்தது. அவள் சந்தோஷத்தில் துணிக்கூடையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அக்கா கல்லாகச் சமைந்திருந்தாள். அப்போது திரையில் பழைய நினைவு ஓடியது. மகன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

"நிறுத்து, நிறுத்து!" என்று மாமா கத்தினார், ஓடுகிற டிவியைப் பார்த்து. "பல்லு பின்னாடி திரும்பியிருக்கு! இது அந்தப் பல்லும் இல்ல, இந்தப் பல்லும் இல்ல! உண்மையிலேயே ஆள்மாறாட்டம்தான் நடந்திருக்கு! வக்கீல் சும்மா கண்துடைப்பு. டைரக்டர் ரெண்டாம் பாகத்துக்கு வெச்சிருக்காரு!" வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொந்தமாக ஒரு கதை கட்டினார். அதுவும் அக்கா போட்ட அஸ்திவாரத்தின் மேல். டீச்சரும் போனில் பார்த்தாள், வாயைப் பிளந்தாள். "ஆமாக்கா! நான் வெறும் வக்கீலோட நின்னுட்டேன். உங்க கண்ணுதான் கண்ணு. நான் தோத்துட்டேன்க்கா" என்றாள், முழு மனசோடு.

அக்கா ஜெயித்துவிட்டாள். இனி என்ன?

இனிதான் கஷ்டகாலம். மாமா விடவில்லை. டிப்போவில் வக்கீல் கட்சி, பல் கட்சி என்று இரண்டு கட்சி ஆயிற்று. பல் கட்சிக்கு மாமா ஒருத்தர்தான். அவரோடு வருஷக்கணக்காக ஒரே வண்டியில் வேலை பார்த்த கண்டக்டர், "உன் பொண்டாட்டி பல்லையே பார்த்துப் பார்த்துக் குழம்பிட்டாங்கப்பா" என்று கிண்டல் செய்துவிட்டார். மாமா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே பேருந்து, முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், நாள் முழுக்க வாய் திறக்காமல் ஊரைச் சுற்றினார்கள். அதையும் மாமா வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். "உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா விடுவேனா?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். மறுப்பு ஒன்றும் சொல்ல மாட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கவா என்று கேட்பாள். சொல்லித் தொலைத்துவிடு என்று நான் பின்னறையில் வைத்து எவ்வளவோ சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்டி" என்பாள், சின்னப்பிள்ளை மாதிரி.

அதற்குள் டிவிக்காரர்கள் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். சாயங்காலம் நேரலையில் டைரக்டர் உட்கார்ந்திருப்பார், பார்க்கிறவர்கள் போன் செய்து கேள்வி கேட்கலாம். மாமா டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கேன்டீன் டிவியில் எல்லோரும் பார்ப்பார்கள். அக்கா எவ்வளவோ தடுத்தாள். தலை வலிக்கிறது என்றாள், கடைக்குப் போகலாம் என்றாள், போனைக்கூட எடுத்து ஒளித்து வைத்தாள். மாமா டீச்சரின் போனை வாங்கி அடித்தார். இணைப்புக் கிடைத்துவிட்டது.

"சார், நான் ஒரு பஸ் டிரைவர். என் மனைவி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க" என்று ஆரம்பித்தார். மூன்று பல்லையும் ஒன்று விடாமல் விளக்கினார். அந்த வாய்ப்பேச்சில்லாத மனுஷன் அவ்வளவு அழகாகச் சொன்னார்.

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, ரெண்டாவது ஆளெல்லாம் யாரும் இல்ல. நடிகர் நடுவுல பல்லைச் சரி பண்ணிக்கிட்டாரு. கடைசி சீனுக்காக ஒரு பொய்ப்பல்லு செய்யச் சொன்னோம். செஞ்ச ஆள் திருப்பி வெச்சுட்டாங்க. யாரோ கத்துக்குட்டி போல! முழுசா எடுத்து முடிச்சப்புறம்தான் நாங்களே பார்த்தோம். உங்க மனைவிகிட்ட சொல்லுங்க, ரொம்ப யோசிக்க வேண்டாம்னு." தொகுப்பாளினியும் சிரித்தாள். "சரிங்க சார். நன்றிங்க" என்று மாமா போனை வைத்தார்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. டிப்போ கேன்டீன் எப்படிச் சிரித்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீச்சர்தான் முதலில் பேசினாள், ஆறுதலாக. "விடுங்கண்ணா. யாரோ வேலை தெரியாதவங்க சொதப்பினதுக்கு அக்கா என்ன பண்ணுவாங்க?"

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். எந்த லேப் என்று டைரக்டர் சொல்லவில்லை, மாமாவுக்குச் சந்தேகமும் வரவில்லை. ஆனால் என் அக்காவைத் தெரியாதா?

"வேலை தெரியாதவளா?" என்று எழுந்தாள். "கத்துக்குட்டியா? அந்தப் பல்லைச் செஞ்சது நான்! அதுல ஒரு தப்பும் இல்ல, நல்லாக் கேட்டுக்கோ. வேணும்னேதான் திருப்பி வெச்சேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. டீச்சர் மாமாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். மாமாவுக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகப் போனை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"எதுக்கு?" என்றார் மாமா.

"அவ சீட்டைப் பத்திச் சொன்னப்போ உங்க கை தட்டுலயே நின்னுச்சு" என்றாள் அக்கா. "எனக்கு நிக்கல."

"அதுக்கா?" அவர் குரல் உயரவில்லை. "தினமும் நான் அங்க சண்டை போட்டுட்டு வந்து உன்கிட்டதானே சொன்னேன்? கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எனக்காகச் சண்டை போட்டீங்க" என்று அக்கா அழுதாள். "எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார், "நீ பல்லை ஒழுங்கா வெச்சிருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன். நீ சொன்னேங்கறதுக்காகத்தான் போட்டேன். பல்லுல எனக்கு என்ன தெரியும்?"

எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் டிப்போவுக்குப் போய், அந்தக் கண்டக்டரிடம் வலியப் பேசினாராம். லேபில் யாரோ தப்புச் செய்துவிட்டார்கள், என் வீட்டில் சொன்னதில் தப்பில்லை என்றாராம்.

அந்த வாரம் முழுக்க அக்கா யாரோடும் பேசவில்லை. முகம் வீங்கி, கண் சிவந்து, குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். திருந்திவிட்டாள், பட்டுத் தெளிந்துவிட்டாள் என்று நான் பரிதாபப்பட்டேன். சனிக்கிழமை மத்தியானம் மோட்டாரை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏய், ஒண்ணு கேக்கணும்."

"என்னக்கா?"

"அன்னிக்கு அவரு அதைச் சொன்னாருல்ல, பல்லு நேரா இருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்னு?"

"ஆமா."

"அப்போ கியர்க்காரி படியேறிட்டாளா, இல்ல வாசல்லதான் நின்னாளா?"

"செருப்பு போட்டுட்டு இருந்தாங்க."

"அப்போ கேட்டிருப்பா" என்றாள் அக்கா. மெழுகுக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, அந்த வாரத்தில் முதல்முறையாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.